ஆன்டெனாவைக் கீழே இறக்கியதும் சிக்னல் ஏறியது

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் பக்கம் எங்கள் ஊர். வீடு ஊருக்குள், தோட்டம் தள்ளி. வீட்டு மொட்டை மாடியிலிருந்து தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்தில் இருக்கும் சின்ன ஓட்டு வீட்டுக்கு, நேர்க்கோட்டில் 780 மீட்டர். வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது, தோட்டத்தில் மட்டும் செல்போனே தவித்துத் தவித்துத்தான் எடுக்கும். அப்பா பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறார், ராத்திரி காய் திருட்டுப் பயமும் உண்டு, கிணற்று மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் வண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதனால் வீட்டு நெட்டை அப்படியே வயர்லெஸ்ஸில் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். இதற்கென்றே விற்கும் வெளிப்புற 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இரண்டு வாங்கினேன். தட்டையான பெட்டி போல இருக்கும், ஆன்டெனா உள்ளேயே, 13 டிபிஐ (ஆன்டெனா சக்தியை ஒரே பக்கமாக எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு). பெட்டியில் பல கிலோமீட்டர் தூரம் போட்டிருந்தார்கள், எனக்கு ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடியும் என்று நினைத்தேன், ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தது ஜூலையில்தான் முடிந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை, எங்கே வைப்பது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு நாள் ஆனது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. வீட்டிலிருந்து கிளம்பினால் முதல் 430 மீட்டர் வெட்டவெளி. ரோடு, அதைத் தாண்டி பங்காளிகளின் சோளக்காடு. அதற்கப்புறம் 350 மீட்டர் நீளத்துக்கு எங்கள் தென்னந்தோப்பு, எட்டு ஏக்கர், அப்பாரு காலத்தில் வைத்த நெட்டை மரங்கள். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் கயிறு பிடித்து நட்டது, பதின்மூன்று வரிசை. மரங்கள் இப்போது 60 அடி நிற்கின்றன, கீழே ஊடுபயிராகக் கோகோ. தோப்பின் கடைசியில்தான் கிணறும் சாளையும். சாளை ஓர் ஓரத்தில், கிணறு நடுவில். தோட்டத்துத் தரை வீட்டுத் தரையைவிட இரண்டு மீட்டர் தாழ்வு.

முதல் தடவை எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், கரண்டும் கேபிளும் எங்கே சுலபமாக எட்டுமோ அங்கே மாட்டினேன். வீட்டில் மாடிக் கைப்பிடிச் சுவரின் கிழக்கு மூலை, பக்கத்திலேயே தண்ணீர் டேங்க். தோட்டத்தில் சாளை ஓட்டுக் கூரைக்கு மேலே ஒரு சின்னப் பைப். இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன, சிக்னல் மைனஸ் 78 டிபிஎம். கேமரா படம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம். இது மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 60 அளவில் இருந்தால் நிம்மதியாக ஓடும், மைனஸ் 75-ஐத் தாண்டினால் வேகம் தானாகவே படி இறங்கிக்கொண்டே போகும். 3 டெசிபல் குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. வெறும் காற்றுவெளியில் 780 மீட்டர் போனால் எவ்வளவு இழப்பு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தூரத்தைக் கிலோமீட்டரிலும் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸிலும் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியே 10-அடி மடக்கை எடுத்து, ஒவ்வொன்றையும் 20 ஆல் பெருக்கிக் கூட்டி, அதோடு 32.44 சேர்க்க வேண்டும். என் கருவி ஓடும் 5,800 மெகாஹெர்ட்ஸுக்கு 105.5 டெசிபல் வந்தது. கருவி அனுப்புவது 20 டிபிஎம், இரண்டு பக்க ஆன்டெனாவும் 13, 13. ஆக 46-லிருந்து 105.5 கழித்தால் மைனஸ் 59.5. எனக்கு வந்ததோ மைனஸ் 78. நடுவில் 18 டெசிபலுக்கு மேல் எதுவோ தின்கிறது, அதாவது வர வேண்டிய சக்தியில் எழுபதில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. ஆன்டெனாவை மாட்டும் யாரும் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்க வேண்டியது எவ்வளவு என்று தெரியாவிட்டால், கிடைத்தது நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது, ஏதோ கனெக்ட் ஆகிவிட்டது என்று விட்டுவிடுவோம்.

சிக்னல் வரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வந்தது, உயரமாக வை. எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் முழு லென்த் இரண்டு, அதாவது 20 அடி பைப் இரண்டு, அடியில் பிளேட் வைத்து வாங்கி வந்தேன். மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டி வீட்டிலும் சாளையிலும் தூக்கி நிறுத்த மே நடுவில் ஒரு முழு நாளும் நாலு ஆளும் ஆனது. சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் மைனஸ் 85.

கேபிள் கிரிம்பிங்கில் தப்பு என்று முதலில் நினைத்தேன். கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே-45 பிளக்கை மாற்றினேன், கருவிகளை இடம் மாற்றினேன், சேனல் மாற்றினேன், சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் உதவியது. அகலம் பாதியானால் உள்ளே வரும் இரைச்சலும் பாதியாகிறது, அதனால் அதே சிக்னலுக்குத் தெளிவு கூடும். ஆனால் மைனஸ் 85 என்ற எண் அசையவே இல்லை. அப்புறம் ஜூன் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், பகலில் தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்குப் பக்கமாகவே வாரிவிட்டாற்போல நிற்கும். காற்று ஏறினால் சிக்னல் மைனஸ் 74-க்கும் 90-க்கும் நடுவே ஊசலாடியது, தூறல் விழுந்தால் இணைப்பே அறுந்தது. மழைத்தண்ணீரே அலையைத் தின்கிறது என்று நினைத்தேன், அது சரியில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் முக்கால் கிலோமீட்டர் தூரத்துக்குக் கனமழை பெய்தாலும் காற்றில் விழும் துளிகளால் ஒரு டெசிபல்கூடப் போகாது. நனைந்த இலைதான் தின்கிறது. அலை போகும் வழியில் இலை இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காய் வெட்ட வரும் அண்ணன். எங்களுக்கு 45 நாளைக்கு ஒரு வெட்டு. அன்றைக்கு மரத்திலிருந்து இறங்கியவர், நான் பைப்பையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன். அவர் மேலே ஒரு பார்வை, வரிசைக்குள் ஒரு பார்வை பார்த்தார். "மேல போனா பூராவும் மட்டை தானுங்க தம்பி. நானே மேல உக்காந்தா பக்கத்து மரத்துக்காரன் தெரிய மாட்டான். கீழ பாருங்க, இந்தச் சந்துல நின்னா அந்தக் கடைசி ரோடு வரைக்கும் வெளிச்சமா இருக்குதுங்களே" என்றார்.

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். நெட்டை மரத் தோப்பு ஒரு பெரிய மண்டபம் மாதிரி. மேலே ஒரு கூரை, கீழே கோகோ, நடுவில் தூண்கள் மட்டும். பக்கத்துப் பக்கத்து மரங்களின் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு 12 மீட்டருக்கு மேல் மூடிக் கிடக்கின்றன. கோகோ மூன்றரை மீட்டரோடு நின்றுவிடுகிறது. நடுவில் எட்டு மீட்டருக்கு மேல் வெறும் காற்று. நான் 20 அடி பைப் வைத்து ஆன்டெனாவை அந்தக் காற்றிலிருந்து எடுத்து நேராகக் கூரைக்குள் கொண்டுபோய்ச் செருகியிருக்கிறேன். கூரைக்கு மேலே போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 70 அடிக்கு மேல் டவர் வேண்டும், அது நம் சக்திக்கு ஆகாத வேலை.

சரி, அப்படியென்றால் முதல் தடவை, பைப் சின்னதாக இருந்தபோது, கூரைக்குக் கீழேதானே இருந்தது, அப்போதும் ஏன் மைனஸ் 78? இதற்குப் பதில் தேட கூகுள் எர்த்தில் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து சாளைக்கு ஒரு கோடு, தென்னை வரிசையின் மேலேயே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம். பார்த்தால் ஒன்றுமே இல்லாத வித்தியாசம். ஆனால் தோப்பின் 350 மீட்டர் நீளத்துக்கு அந்தக் கோடு பக்கவாட்டில் 20 மீட்டர் நகர்ந்துவிடுகிறது, இரண்டு மூன்று வரிசையைக் குறுக்கே வெட்டுகிறது. அதுவும் சாய்வாக வெட்டுவதால் ஒவ்வொரு வரிசையிலும் மரம் மரமாக உரசிக்கொண்டே போகிறது. உயிருள்ள தென்னைத் தண்டு என்பது ஈரம் ஊறிய தூண். பதினெட்டு டெசிபல் எங்கே போனது என்பதற்கு வேறு கணக்கே தேவைப்படவில்லை.

இங்கே ஃப்ரெனல் மண்டலம் பற்றிச் சொல்லியாக வேண்டும், இந்த வேலையில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான். இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் அலை ஒரு நூல் மாதிரிப் போவதில்லை. இரண்டு முனையும் மெலிந்து, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் போல ஒரு வெளி அதற்குத் தேவை. வெளிச்சத்தை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் ஃப்ரெனல் பெயரில் அது இருக்கிறது, கலங்கரை விளக்கங்களில் இருக்கும் அடுக்கடுக்கான கண்ணாடி வில்லையும் அவர் பெயரில்தான். நடுவழியில் அந்த வெள்ளரிக்காயின் ஆரம் எவ்வளவு என்று பார்க்க, கிலோமீட்டர் தூரத்தை கிகாஹெர்ட்ஸால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 8.66 ஆல் பெருக்க வேண்டும், விடை மீட்டரில். எனக்கு 0.78-ஐ 5.8 ஆல் வகுத்து 3.2 மீட்டர் வந்தது. அதாவது நடுவில் 6.4 மீட்டர் விட்டத்துக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் நல்லது, குறைந்தது ஆரத்தின் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும் என்பது இந்த வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் அளவு. மாடியிலிருந்து பார்த்தேன், சாளை ஓடு மரத்துக்கு நடுவே லேசாகத் தெரிந்தது, அதனால் வழி சரியாக இருக்கிறது என்று நான் முதலில் நினைத்தது இதனால்தான் தப்பு. கண்ணுக்கு ஒரு ஊசி ஓட்டை போதும், இந்த அலைக்கு ஒரு அறை அளவு வாசல் வேண்டும்.

இப்போது தோப்பைப் பாருங்கள். இரண்டு வரிசைக்கு நடுவே 7.6 மீட்டர், தண்டின் பருமன் போனால் 7.3. அலைக்கு வேண்டியது 6.4. உள்ளே நுழையும்! மேலும் கீழும் பார்த்தாலும் கோகோவுக்கும் மட்டைக்கும் நடுவே எட்டு மீட்டருக்கு மேல் இருக்கிறது. இதே கணக்கை 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் ஆரம் 4.9 மீட்டர், விட்டம் பத்து மீட்டருக்குப் பக்கம், சந்து போதாது. மரங்கள் இருந்தால் 2.4 எடு, அது இலையை நன்றாகத் துளைக்கும் என்று பலரும் சொல்வார்கள். இலைக்குள் புகுந்துதான் போக வேண்டும் என்றால் அது உண்மை. ஆனால் சுத்தமான சந்து ஒன்று கையில் இருக்கும்போது ஒல்லியான அலைதான் நல்லது.

ஆக, தேட வேண்டிய இடம் என்ன என்று தெளிவானது. பதின்மூன்று வரிசைக்கு நடுவே பன்னிரண்டு சந்து. அதில் எந்தச் சந்து நேராக வீட்டைப் பார்க்கிறதோ, அதன் வாயில்தான் ஆன்டெனா நிற்க வேண்டும். சாளைக்குப் பக்கமா, கரண்டுக்குப் பக்கமா என்பதெல்லாம் அப்புறம்.

தேடுவதற்கு முன்னால் வீட்டு முனையை நிலைப்படுத்தினேன், ஏனென்றால் வீட்டில் நாலு மீட்டர் நகர்த்தினால் தோப்பு வாசலில் கோடு கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நகரும். பழைய கிழக்கு மூலையில் இரண்டு தொல்லை. டேங்க் ஒரு மீட்டர் தூரத்தில், தண்ணீர் நிறைந்த டேங்க் இந்த அலைக்குச் சுவர்தான். அடுத்தது ரோட்டோரத்து வேப்பமரம், வீட்டிலிருந்து 30 மீட்டர். அந்த இடத்தில் வெள்ளரிக்காயின் ஆரம் 1.2 மீட்டர்தான், முனை அல்லவா, ஆனாலும் வேம்பின் கிளை அதற்குள் வந்தது. மேற்குப் பக்கமாக நாலு மீட்டர் தள்ளினால் இரண்டுமே விலகின. ரோட்டோர மின்கம்பி கோட்டுக்கு நல்ல கீழே போகிறது, ஒன்றும் செய்யாது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குத் தேடல். சித்தப்பா மகன் மாடியில் அந்தக் குறியில் நின்று, பெரிய எல்இடி டார்ச்சைத் தோப்புப் பக்கம் பிடித்துக்கொண்டான், நான் தோப்பின் கடைசி ஓரத்தில் அலுமினிய ஏணியோடு. ஒவ்வொரு சந்தின் வாயிலும் ஏணியைப் போட்டு 20 அடி ஏறிப் பார்ப்பது, அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது. சாளைப் பக்கத்துச் சந்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் ஒரு மினுக்கு, தலையை அசைத்தால் மறைந்தது. நாலாவதும் அப்படியே. ஐந்தாவதில் கொஞ்சம் நேரம் நின்றது. ஏழாவது சந்தில் ஏறிய உடனே வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது, தலையை இடது பக்கம் ஒரு முழம், வலது பக்கம் ஒரு முழம், கையை நீட்டி எட்டின வரைக்கும் சாய்த்துப் பார்த்தேன், மறையவே இல்லை. "கிடைச்சிருச்சுப்பா" என்று மேலிருந்தே கத்தினேன். எட்டாவதில் மறுபடி மினுக்குதான். பகலில் இதைச் செய்ய வேண்டுமானால் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைத் திருப்பி அடித்துப் பார்க்கலாம், அதுவும் வேலை செய்யும், ஆனால் வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ராத்திரி டார்ச் சுலபம். போனில் பேசிக்கொண்டே செய்ய முடியாத இடம் என்பதால் முதலிலேயே பேசி வைத்திருந்தோம், நான் என் கையிலிருக்கும் டார்ச்சை இரண்டு தடவை அணைத்து எரித்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம், அவன் இறங்கலாம்.

ஏழாவது சந்தின் வாய் எங்கே வந்தது என்று பார்த்தால் கிணற்று மேட்டில். அந்தக் காலத்தில் கிணறு வெட்டிய கல்லும் மண்ணும் பக்கத்திலேயே கொட்டி வைத்த மேடு, இரண்டரை மீட்டர் உயரம், இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. சுற்றி மரம் இல்லாத வெட்டவெளி, ஆக மட்டையும் தேங்காயும் தலையில் விழாது. தோப்பில் கம்பம் நடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும், கிளாம்பே திரும்பிவிடும்.

கம்பம் எதற்கு, ஓரத்து மரத்திலேயே அடித்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். மரத்தில் ஆணி அடித்தால் அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும், புழு உள்ளே குடைந்தால் மரம் போன மாதிரிதான். அதோடு காற்றில் ஆடும் மரத்தில் ஆன்டெனாவும் ஆடும், என்னுடைய பெட்டி ஆன்டெனா அகலமாகப் பார்ப்பதால் தாங்கிக்கொள்ளலாம், ஒடுக்கமாகப் பார்க்கும் டிஷ் வகை தாங்காது. இடி விழுவதும் தென்னையில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

நிரந்தரமாகக் குழி தோண்டும் முன்னால் சோதனை. ஏற்கனவே ஒரு தடவை பைப்புக்குக் காசு கொடுத்தாயிற்று, இந்தத் தடவை அளந்து பார்க்காமல் சிமென்ட் கலக்கக் கூடாது என்று இருந்தேன். யுபிஎஸ்-இல் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் சின்ன பேட்டரி இரண்டை வரிசையில் சேர்த்தால் 24 வோல்ட், கருவியின் கையேட்டில் உள்ளீட்டு வோல்ட் எல்லையைப் பார்த்துக்கொண்டு நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு கேபிளில் கொடுத்தேன். கருவியை ஒரு மூங்கிலில் கட்டி மேட்டின் மேல் நிறுத்தினோம். மூங்கிலை ஒரு அடி ஒரு அடியாக ஏற்றினோம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் விட்டு எண்ணைக் குறித்தேன். மேட்டிலிருந்து இரண்டு மீட்டரில் மைனஸ் 71, கோகோ தடுக்கிறது. மூன்றில் 66. நாலில் 63. நாலரையில் 62. அதற்கு மேல் ஏற்றினாலும் 62, 63 என்று அங்கேயே நின்றது, ஆறரையைத் தாண்டியதும் மறுபடி இறங்க ஆரம்பித்தது. கணக்கில் வந்த எண் மைனஸ் 59.5, கையில் வந்தது 62. அந்த நோட்டுத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்த மத்தியான நேரம் அது, மேலே மட்டைகள் பேயாட்டம் ஆடுகின்றன, கீழே எண் இரண்டு டெசிபலுக்கு மேல் அசையவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் சாதாரண வேலை. வீட்டில் 20 அடி பைப்பைக் கழற்றி இறக்கி, அதில் ஒன்றரை மீட்டர் மட்டும் அறுத்து மேற்குப் பக்கக் குறியில் யு போல்ட் போட்டு நிறுத்தினேன். மிச்சப் பைப்பில் நாலரை மீட்டர்தான் இப்போது கிணற்று மேட்டில் நிற்கிறது, சாளைப் பைப் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. மேட்டில் இரண்டடிக் குழி, கான்கிரீட், ஒரு வாரம் தண்ணீர் விட்டது.

கேபிள் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பயப்படுவது அங்கேதான். மேட்டிலிருந்து சாளைக்குக் கம்பத்தின் உயரமும் சேர்த்து 58 மீட்டர் கேபிள். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம், எனவே நீளம் ஒரு தடையே இல்லை. கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. நல்ல செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு 84 ஓம் அளவு, கரண்டு இரண்டு இரண்டு கம்பியாகச் சேர்ந்து போய் வருவதால் என் நீளத்துக்கு மொத்தம் ஐந்து ஓமுக்குள். கருவி 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை வோல்ட் வழியில் போகும், 24-இல் அது பெரிதில்லை. ஆனால் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு, முனையைச் சுரண்டிப் பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், வெயிலிலும் ஈரத்திலும் முனை நொறுங்கிப்போகும். ஆன்டெனாவை நல்ல இடத்தில் வைக்க 60 மீட்டர் கேபிள் கூட ஆகுமென்றால் யோசிக்காமல் போடுங்கள். கேபிளில் போகும் சிக்னலுக்கு மரமும் இல்லை, காற்றும் இல்லை.

தோப்பில் கேபிளுக்கு முதல் எதிரி அணில், இரண்டாவது எலி. அதனால் கருப்பு ஓஸ் பைப்புக்குள் விட்டு, ஒரு அடி ஆழத்தில் புதைத்தேன். கேபிளை ஓஸுக்குள் இழுத்த பிறகுதான் ஆர்ஜே-45 கிரிம்ப் செய்ய வேண்டும், முதலில் செய்துவிட்டால் உள்ளே நுழையாது. மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸ் கேபிள் அதே பக்கம் புதைந்திருக்கிறது, அதோடு ஒட்டாமல் தள்ளிப் போனேன். கருவிக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்ற வேண்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது. கட்டுவதற்கு வெள்ளை டை வேண்டாம், வெயிலில் ஒரே வருஷத்தில் உதிரும், கருப்பு வாங்குங்கள்.

எங்கள் பக்கம் ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இடி அதிகம். மரங்களைவிடக் கம்பம் தாழ்வுதான், ஆனாலும் அது பாதுகாப்பு ஆகிவிடாது. கம்பத்தின் அடியிலிருந்து செம்புப் பட்டை எடுத்து, கிணற்றோரம் ஈரமான இடத்தில் எர்த் கம்பி அடித்தேன், சாளைக்குள் நுழையும் முன்னால் ஒரு சர்ஜ் தடுப்பான். பக்கத்தில் நேராக இடி விழுந்தால் எதுவும் நிற்காது, ஆனால் தூரத்து இடியில் கேபிளில் ஏறும் மின்னழுத்தத்துக்கு இது தேவை.

திசை திருப்புவதற்கு ஒரு பொறுமை வேண்டும். ஒரு பக்கம் ஆள் ஆடாமல் இருக்க, மறுபக்கம் கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில நொடி காத்திருந்து எண்ணைப் பார்ப்பது. சிக்னல் ஏறி, உச்சம் தொட்டு, மறுபக்கம் இறங்கும் வரைக்கும் திருப்பிவிட்டு, பிறகு இரண்டுக்கும் நடுவுக்கு வர வேண்டும். முதலில் கிடைத்த உச்சத்திலேயே போல்ட்டை முடுக்கிவிட்டால், அது ஆன்டெனாவின் பக்கவாட்டில் கசியும் பலவீனமான ஓரக் கதிராகக்கூட இருக்கும். அப்புறம் மேல் கீழ் சாய்வு, அதற்கப்புறம் இன்னொரு முனையில் இதே வேலை. எனக்கு இதில் கிடைத்தது ஒன்றரை டெசிபல்தான், 13 டிபிஐ பெட்டி அகலமாகப் பார்ப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. கருவியின் அமைப்பில் நாடு இந்தியா என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள், 2018-க்குப் பிறகு 5 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த நல்ல அகலம் இருக்கிறது, சக்தி வரம்பை மீற ஒரு தேவையும் இல்லை. இடம் சரியாக இருந்தால் 20 டிபிஎம்-மே எனக்கு அதிகம், இப்போது 17-இல் ஓட்டுகிறேன், மைனஸ் 65-இல் நிற்கிறது.

20 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலேயே 75 மெகாபிட் வருகிறது. மூன்று கேமரா, மோட்டார் கன்ட்ரோலர், அப்பாவின் போன், எல்லாம் சேர்ந்தாலும் அதில் கால்வாசிகூட ஆகவில்லை. ஜூலைக் காற்றில் இரண்டு வாரம் லாக் எடுத்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட அறுபடவில்லை. மழையில் கோகோ நனைந்தால் இரண்டு டெசிபல் இறங்குகிறது. கோகோவைக் கவாத்து செய்யும்போது அந்தச் சந்தில் மட்டும் இன்னும் ஒரு அடி தாழ்த்தி வெட்டச் சொல்லியிருக்கிறேன். மரங்கள் வளர வளரக் கூரை மேலேதான் போகும், அந்த வகையில் நல்லது.

ஆனால் ஆகஸ்டில் வேறொன்று வந்தது. மரங்கள் வயதாகிக்கொண்டு வருவதால், வரிசைகளுக்கு நடுவே புதுத் தென்னம்பிள்ளை வைத்துவிடலாம் என்று அப்பா நாற்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளை நாலு வருஷத்தில் மட்டை விரித்தால் அது வருவது சரியாக ஏழு மீட்டர் உயரத்தில்தான், என் சந்தின் நடு மையத்தில். அவரிடம் தாளில் படம் போட்டுக் காட்டினேன், கோடு, வெள்ளரிக்காய், பிள்ளை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது பிள்ளை குறையும், பரவால்ல கண்ணு, அந்தச் சந்துல மஞ்சள் போட்டுக்கலாம்" என்றார். மறுநாள் காலையில் நான் போனபோது ஏழாவது சந்தின் இரண்டு பக்கத்து முதல் மரத்திலும், ஆள்கள் தெரியாமல் குழி எடுத்துவிடக் கூடாது என்று, ஆளுக்கொரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.